விளையாட்டு அறிவியல் இளநிலைப் பட்டம்: படித்து முடித்தவரின் மதிப்புரை

மனித உடல் எவ்வாறு அசைகிறது, எதனால் களைக்கிறது, பயிற்சிக்கு எப்படி இணங்கி மாறுகிறது என்பவற்றை அளந்து அறியும் துறைக்கு நம் பல்கலைக்கழகங்கள் சில ‘விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி அறிவியல்’ என்ற பெயரில் இளநிலைப் பட்டம் வழங்குகின்றன. அத்தகைய பட்டப்படிப்பு ஒன்றைத் தமிழ்நாட்டுத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்து முடித்து, இப்போது ஒரு தடகளப் பயிற்சி மையத்தில் வேலை பார்க்கிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பிற நிறுவனங்களில் இதே படிப்பை முடித்த நண்பர்களும் ஏறத்தாழ இதே நிறைகுறைகளைச் சொல்கிறார்கள் என்பதால், படிப்பைப் பற்றிப் பேசுவதே பிளஸ் டூ முடித்துக் காத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆய்வகம் அன்றாடம் இயங்கும் இடத்தில் படித்தால் இது கட்டணத்துக்கும் காலத்துக்கும் முழுமையாகத் தகுந்த படிப்பு. ஆய்வகம் பூட்டிக் கிடக்கும் இடத்தில் படித்தால், நூலகத்தில் உட்கார்ந்து தானே கற்றுக்கொள்ளக்கூடியதற்கு மூன்று ஆண்டுக் கட்டணம் கட்டியதாகவே முடியும்.

சேர்வதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இது உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கான படிப்பும் அன்று, பிசியோதெரபியும் அன்று. உடற்கல்விக்குத் தமிழ்நாட்டில் நீண்ட மரபு உண்டு. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இயங்குகிறது. அந்த மரபு விளையாட்டைக் கற்பிக்கக் கற்றுத்தருவது. பிசியோதெரபி, காயமும் நோயும் வந்தவரைத் தேற்றும் மருத்துவத் துணைத் தொழில். விளையாட்டு அறிவியல் இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, ஒரு வீரரின் உடல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதை எந்த அளவுக்கு, எவ்வளவு காலத்தில் மேம்படுத்த முடியும் என்ற கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. என் வகுப்பில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் இந்த வேறுபாடு தெரியாமலேயே வந்தவர்கள். அவர்களில் சிலர் முதல் ஆண்டு உயிர்வேதியியல் தாளைக் கண்டதும் மனம் தளர்ந்தார்கள். விளையாட்டில் ஆர்வம் இருந்தால் போதும் என்று சேர்க்கை அலுவலகத்தில் சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். பிளஸ் டூவில் உயிரியலும் இயற்பியலும் ஓரளவாவது கைவசம் இருக்க வேண்டும்.

படிப்பின் உயிர் உடற்பயிற்சி உடலியங்கியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வைக் கண்டறியும் சோதனையை அங்கே மாணவர்களே நடத்துகிறோம், மாணவர்களே அதற்கு உட்படவும் செய்கிறோம். டிரெட்மில்லில் ஓடுபவரின் முகத்தில் மாட்டிய முகமூடி வழியாக அவர் விடும் மூச்சு கருவிக்குள் செல்கிறது. உள்ளே இழுத்த காற்றில் ஏறத்தாழ 20.93 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் வெளியே வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதிலிருந்து, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது என்று கணக்கிடப்படுகிறது. பயிற்சியில்லாத இளைஞருக்கு 40 முதல் 45 வரை வரும் இந்த எண், உலகத் தரத்து நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 70-ஐத் தாண்டும். ஏ. வி. ஹில் 1920களில் ஓடிக்கொண்டிருப்பவர்களின் மூச்சுக்காற்றைப் பைகளில் சேகரித்துத் தொடங்கிவைத்த சிந்தனை இது. தசை உண்டாக்கும் வெப்பம் பற்றிய ஆய்வுக்காக 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றவர் அவர். நூலில் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் இச்செய்தி, கருவியைக் கையாளும்போதுதான் எத்தனை நுணுக்கமானது என்று தெரிகிறது. சோதனைக்கு முன் 3 லிட்டர் ஊசிக்குழலால் காற்றோட்ட அளவியைச் சரிபார்க்க வேண்டும். அளவு தெரிந்த வாயுக்கலவையைச் செலுத்தி உணரியைச் சரிபார்க்க வேண்டும். முகமூடியின் ஓரத்தில் சிறு கசிவு இருந்தாலும் முடிவு முழுவதும் வீண். ஓடியவர் “இனி முடியாது” என்று கையைக் காட்டியதும் சோதனை முடிந்ததாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. வேகம் கூடியும் ஆக்சிஜன் நுகர்வு கூடாமல் நின்றதா, வெளிவிடும் கரியமில வாயுவுக்கும் உள்ளெடுக்கும் ஆக்சிஜனுக்குமான விகிதம் 1.10-ஐத் தாண்டியதா என்று பார்த்த பிறகே அந்த எண்ணை ‘அதிகபட்சம்’ என்று பதிவு செய்ய வேண்டும் என்பதை எங்கள் பேராசிரியர் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. இந்தக் கண்டிப்பு ஒன்றுக்காகவே அந்தப் பாடத்துக்கு முழு மதிப்பெண் தருவேன்.

கடும் உழைப்பின்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளை, விரல் நுனியில் ஊசி குத்தி அளவிடும் பயிற்சியும் இதே தரத்தில் இருந்தது. முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாம் துளியை எடுக்க வேண்டும், வியர்வை ஒரு சொட்டு கலந்தாலும் அளவு பொய்யாகக் கூடிவிடும் என்பன போன்ற கைப்பழக்கங்கள் வகுப்பறையில் ஒட்டுவதில்லை. உழைப்பு கடுமையாவதைக் குறிக்கும், லிட்டருக்கு 4 மில்லிமோல் என்ற எல்லைக்கோடு எல்லோருக்கும் பொதுவானது என்று படித்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனால், அதே 4 மில்லிமோலில் ஒருவர் இயல்பாகப் பேசிக்கொண்டு ஓடுவதையும் இன்னொருவர் மூச்சுத் திணறுவதையும் கண்ணால் பார்க்கிறோம். சராசரியை அறிந்துகொண்டு தனி மனிதரைப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

விங்கேட் சோதனையைத் தனியே குறிப்பிட வேண்டும். உடல் எடையின் 7.5 விழுக்காட்டுச் சுமையை எதிர்த்து 30 விநாடிகள் முழு மூச்சாக மிதிவண்டிக் கருவியை மிதிக்கும் சோதனை அது. முதல் சில விநாடிகளில் உச்சத்தைத் தொடும் திறன், முடிவில் எவ்வளவு சரிகிறது என்பதை வைத்து ஆக்சிஜனைச் சாராத ஆற்றலை மதிப்பிடுகிறார்கள். கபடியில் ஒரு ரெய்டுக்கு அனுமதிக்கப்படுவதும் 30 விநாடிகள்தான். எங்கள் வகுப்பில் கபடி வீரர்கள் இருந்தார்கள். பாடியபடியே ஒரு ரெய்டு முழுவதும் மூச்சைக் கட்டுப்படுத்திவிட்டுக் கோட்டைத் தொட்டுத் திரும்புபவரின் உடலில் என்ன நடக்கிறது என்று அவர்கள் கேட்ட கேள்விகள் மூன்றாண்டில் நான் கேட்டவற்றிலேயே சிறந்தவை. பாடத்திட்டம் அவற்றுக்கு இடம் கொடுக்கவில்லை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் ரக்பி, துடுப்புப் படகு, பனிச்சறுக்கு என்றே இருந்தன. கபடியும் சிலம்பமும் ஊருக்கு ஊர் விளையாடப்படும் மாநிலத்தில் இருந்துகொண்டு அவற்றை அளக்காமல் விட்டது இந்தப் படிப்பின் பெரிய குறை என்று கருதுகிறேன்.

உயிர் இயக்கவியல் பாடம் இரண்டாம் ஆண்டில் வருகிறது. பாதம் தரையில் செலுத்தும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட் மீது நின்று குதித்து, காற்றில் இருந்த நேரத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடுவது முதல் பயிற்சி. புவியீர்ப்பு முடுக்கத்தை நேரத்தின் இருமடியால் பெருக்கி எட்டால் வகுத்தால் உயரம் கிடைக்கும். அரை விநாடி காற்றில் இருந்தவர் ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் குதித்திருக்கிறார். முழங்காலை மடக்கியபடி தரையிறங்கினால் காற்றில் இருக்கும் நேரம் செயற்கையாகக் கூடும் என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று ஆசிரியர் சொல்லாமல் விட்டுவைத்தார். ஒரே மாணவரின் உயரம் சில குதிப்புகளில் மட்டும் திடீரெனக் கூடியதன் காரணத்தை நாங்களே தேடிப் பிடித்த அந்த வகுப்பு, எந்த விரிவுரையைவிடவும் ஆழமாகப் பதிந்தது.

இந்தத் துறையால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் வழக்கைவிடச் சிறந்த பாடம் இல்லை. எங்கள் ஆசிரியர் அதற்கு முழுதாக இரண்டு வகுப்புகளை ஒதுக்கினார். 1995-ஆம் ஆண்டு மெல்போர்னில் அவருடைய பந்துவீச்சு, முழங்கையை நீட்டிப் போடும் ‘எறிதல்’ என்று நடுவரால் தடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பெர்த் நகரில் உள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் மனித அசைவு மற்றும் உடற்பயிற்சி அறிவியல் துறை அதை ஆய்வு செய்தது. பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கையும் தோளின் சுழற்சியும் சேர்ந்து, எறிவது போன்ற தோற்றத்தை மட்டுமே உண்டாக்குகின்றன என்ற விளக்கம் கிடைத்தது. 2004-இல் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் அவருடைய ‘தூஸ்ரா’ பந்து கேள்விக்குள்ளானபோதும் அவர் அதே ஆய்வகத்துக்கே சென்றார். உடலெங்கும் ஒட்டிய ஒளியை எதிரொளிக்கும் மார்க்கர்களை அதிவேகக் கேமராக்கள் பல கோணங்களில் படம் பிடிக்க, முழங்கை எத்தனை பாகை நீள்கிறது என்று முப்பரிமாணத்தில் அளக்கப்பட்டது. சுழல்பந்துக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10 பாகை என்று இருந்த வரம்புகள், பெரும்பாலான வீச்சாளர்களின் முழங்கை ஓரளவு நீளவே செய்கிறது என்று அளவீடுகள் காட்டிய பிறகு, 2005-இல் அனைவருக்கும் பொதுவாக 15 பாகை என்று மாற்றப்பட்டன. கண் கண்டதாக நினைத்ததைக் கருவி திருத்தியது. விளையாட்டின் சட்டமே அதனால் மாறியது. கண்டியில் பிறந்த ஒரு தமிழரின் முழங்கையைச் சுற்றி நடந்த இந்த விவாதத்தை அளவீட்டின் வழியாகப் புரிந்துகொண்டபோது, இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததற்காக உண்மையிலேயே பெருமைப்பட்டேன்.

உடல் அளவையியல் தாளில் தோல்மடிப்பை இடுக்கி அளந்து உடற்கொழுப்பைக் கணிக்கிறோம். அளக்கும் திறன் நன்றாகவே கற்பிக்கப்பட்டது: குறித்த இடத்தில் தோலைப் பிடித்து, இடுக்கியை வைத்து, இரண்டு விநாடி பொறுத்து எண்ணைப் படிக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணைக் கொழுப்பு விழுக்காடாக மாற்றும் சமன்பாட்டைப் பற்றிய விமர்சனப் பார்வை போதுமானதாக இல்லை. பரவலாகப் பயன்படும் டர்னின்–வொமர்ஸ்லி சமன்பாடு 1974-இல் வெளியானது. கிளாஸ்கோவில் 481 ஆண்களையும் பெண்களையும் அளந்து உருவாக்கப்பட்டது. ஒரே உடல் நிறை குறியீட்டில் தெற்காசியர்களுக்கு ஐரோப்பியர்களைவிடக் கொழுப்பு கூடுதலாக இருக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. அதனாலேயே உலக சுகாதார நிறுவனம் 2004-இல் ஆசிய மக்களுக்கு 23, 27.5 என்ற தாழ்ந்த எச்சரிக்கை எல்லைகளை முன்வைத்தது. அப்படியிருக்க, கிளாஸ்கோவின் சமன்பாட்டை விழுப்புரத்து மாணவிக்கு அப்படியே பொருத்தி, வரும் விடையைத் தசமப் புள்ளி வரை ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்வது அறிவியல் கல்விக்குப் பொருந்தாது. ‘220-இலிருந்து வயதைக் கழி’ என்ற அதிகபட்ச இதயத் துடிப்புச் சூத்திரமும் இப்படித்தான் கற்பிக்கப்பட்டது. 1971-இல் சில ஆய்வுகளின் தரவுகளை ஒருங்கே பார்த்து எழுந்த தோராயம் அது. 2001-இல் தனகாவும் உடன் ஆய்வாளர்களும் பெரிய தொகுப்பு ஆய்வின் வழியாக, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கும் சூத்திரத்தை முன்வைத்தார்கள். இருபது வயதினருக்கு ஒன்று 200 என்கிறது, மற்றொன்று 194 என்கிறது. எந்தச் சூத்திரமானாலும் தனி மனிதரின் உண்மையான உச்சம் பத்துத் துடிப்பு மேலோ கீழோ இருக்கலாம். தேர்வில் பழைய சூத்திரத்தை எழுதினால்தான் மதிப்பெண் கிடைத்தது என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

எதிர்பாராத அளவுக்குச் சிறப்பாக இருந்தது வெப்பச் சூழலில் உடற்பயிற்சி என்ற அலகு. வெறும் காற்று வெப்பநிலையைப் பார்த்துப் பயிற்சி நேரத்தை முடிவு செய்யக் கூடாது என்பதை எங்கள் ஆசிரியர் மைதானத்திலேயே காட்டினார். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு 0.7, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தினுள் உள்ள வெப்பநிலைக்கு 0.2, காற்று வெப்பநிலைக்கு 0.1 என்று எடை கொடுத்துக் கூட்டும் குறியீட்டை அவர் கணக்கிடச் சொன்னார். கடலோரத்தில் காற்று 34, ஈரக்குமிழ் 28, கோளம் 45 டிகிரி என்றால் குறியீடு 32 வருகிறது. உள்மாவட்டத்தில் காற்று 38, ஈரக்குமிழ் 25, கோளம் 48 டிகிரி என்றாலும் 30.9தான் வருகிறது. வெயில் குறைவாகத் தோன்றும் கடலோரத்தில் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிவதால் ஆபத்து கூடுகிறது. கோடை விடுமுறையில் காலை பத்து மணிக்கு மேலும் சிறுவர்களை ஓடவிடும் முகாம்கள் நம் ஊரில் நிறைய உண்டு. அவற்றை நடத்துபவர்கள் ஒவ்வொருவரும் இந்த ஓர் அலகையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். புதிதாக வெயிலில் பயிற்சி தொடங்குபவரின் உடல் பழகுவதற்கு ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாட்கள் தேவை என்பதையும் அந்த வகுப்பிலேயே கற்றோம்.

ஊட்டச்சத்துத் தாள் சுமார்தான். வெளிநாட்டு உணவுப் பட்டியல்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அதில் இரும்புச்சத்துப் பகுதி மட்டும் விதிவிலக்கு. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கிறது. ஆகவே 13 கிராம் உள்ளவரின் 100 மில்லிலிட்டர் ரத்தம் 17 மில்லிலிட்டருக்கு மேல் சுமக்கும்போது, 9 கிராம் உள்ளவருடையது 12 மில்லிலிட்டர்தான் சுமக்கும். பயிற்சியில் பின்தங்கும் ஒரு பெண்ணைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். இன்று என் வேலையில் நான் அடிக்கடி எடுத்துப் பேசுவது இதைத்தான்.

புள்ளியியலை மாணவர்கள் வெறுக்கிறார்கள். அதை ஆர்வத்துடன் நடத்துவோரும் குறைவு. ஆனால் அது இல்லாமல் மற்றவை நிற்காது. கையால் நிறுத்தும் கடிகாரத்தில் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட, தடகளத்தில் 100 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டும் வழக்கம் இருக்கிறது. அவ்வளவு பிழை உள்ள கருவியை வைத்துக்கொண்டு, ஒரு மாதப் பயிற்சியில் 0.1 விநாடி குறைந்துவிட்டது என்று பெற்றோரிடம் மகிழ்ச்சியாகச் சொல்வதில் பொருளில்லை. அளவீட்டின் பிழையைவிட மாற்றம் பெரிதாக இருந்தால்தான் அதை முன்னேற்றம் என்று சொல்லலாம் என்ற ஒரு கருத்தை மூன்றாம் ஆண்டில் கற்பித்தார்கள். முதல் செமஸ்டரிலேயே கற்பித்திருக்க வேண்டும்.

குறைகளில் எனக்கு ஆறாத வருத்தம் தருபவை இரண்டு. ஆக்சிஜன் அளவிடும் கருவியின் உணரி காலாவதியாகி, புதியது வாங்கப்படாமல் ஒரு செமஸ்டர் முழுவதும் கருவி துணி போர்த்திக் கிடந்தது. அப்போதும் ஆய்வகக் கட்டணம் தனியாக வாங்கப்பட்டது, எங்களுக்குப் பிந்தைய வகுப்பினர் பழைய எண்களைப் பார்த்து ரெக்கார்டு எழுதினார்கள். அடுத்தது இன்டர்ன்ஷிப். விளையாட்டு அணிகளோடு பணி என்று கையேட்டில் அச்சிட்டிருந்தது. எங்களில் பலர் அனுப்பப்பட்டது வணிக உடற்பயிற்சிக் கூடங்களுக்கு, அங்கே செய்தது உறுப்பினர் சேர்க்கை வேலை. பணியிடத்தில் அளவீடு எடுக்காத, பயிற்சித் திட்டம் எழுதாத ஒரு மாணவர் இந்தப் பட்டத்துடன் வெளியே வருவது அவருக்கும் நல்லதல்ல, அவரிடம் வரும் விளையாட்டு வீரருக்கும் நல்லதல்ல.

தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்கு முதல் ஆண்டு கடினமாக இருக்கும். நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் உள்ளன, வைவாவும் அப்படியே. எங்கள் துறையில் இரண்டு ஆசிரியர்கள் மாலையில் கூடுதலாக உட்கார்ந்து தமிழில் விளக்கியதால் பலர் தேறினார்கள். அவர்களுடைய உழைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அதே வேளை, பதினான்கு வயது ஓட்டக்காரிக்கு அவளுடைய சோதனை முடிவை எளிய தமிழில் எடுத்துச் சொல்லும் பயிற்சி எந்தத் தாளிலும் இல்லை. வேலையில் அன்றாடம் தேவைப்படுவது அதுதான்.

வேலைவாய்ப்பைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணிக்கு இந்தப் பட்டம் மட்டும் போதாது, உடற்கல்விக்கான பி.பி.எட். பட்டம் படிக்க வேண்டும். காயத்துக்குச் சிகிச்சை அளிக்க இதில் உரிமை இல்லை. அகாடமிகள், தொழில்முறை அணிகள், விளையாட்டு விடுதிகள், மருத்துவமனைகளின் விளையாட்டு மருத்துவப் பிரிவுகள் ஆகியவற்றில் இடங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் முதுநிலைப் பட்டமோ, வலிமைப் பயிற்சி அல்லது உடல் அளவையியலில் தனிச் சான்றிதழோ கேட்கிறார்கள். ஆகவே இது மூன்று ஆண்டில் முடியும் படிப்பு அன்று, ஐந்து ஆண்டுக்கான திட்டம் என்று வைத்துக்கொண்டு பணத்தைக் கணக்கிடுவது நல்லது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். உடலியங்கியலும் உயிர் இயக்கவியலும் இல்லாவிட்டால் இரண்டுதான். கல்லூரியை நேரில் பார்க்கப் போகும் பெற்றோர், கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ள விடாமல், ஆய்வகத்தின் பயன்பாட்டுப் பதிவேட்டைக் காட்டும்படி கேளுங்கள். கடந்த மாதம் எத்தனை சோதனைகள் நடந்தன, சரிபார்ப்பு வாயு உருளை எப்போது வாங்கப்பட்டது, ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள், சென்ற ஆண்டு இன்டர்ன்ஷிப்புக்கு எந்த எந்த இடங்களுக்கு அனுப்பினார்கள் என்று விசாரியுங்கள். பிறகு துறை அலுவலகத்தை விட்டு வெளியே வந்து, இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் அதே கேள்விகளை மீண்டும் கேளுங்கள். இரண்டு பதில்களும் பொருந்தினால் சேர்க்கலாம்.